பொற்கொடி தொட்டதெல்லாம்

சாலிகிராமத்தில், முருங்கை மரங்கள் மதிலைத் தாண்டி எட்டிப் பார்க்கிற ஒரு முட்டுச்சந்தின் கடைசியில், சுநாதம் என்றொரு ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அவர்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. கொலுசு கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, கஞ்சி போட்ட துணி கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடித் தும்மிவிட்டு வர வேண்டும், பாடகருக்கு வெந்நீர் கொண்டுபோகையில் தம்ளரும் தட்டும் ஒன்றையொன்று உரசக் கூடாது, பாட்டு பிடித்ததா இல்லையா என்பதை முகத்தில்கூடக் காட்டக் கூடாது, பாட்டு கோடாக ஓடுகிற திரையை எட்டிப் பார்க்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, மிக்ஸர் பலகையைத் தொடுவதைக் கனவில்கூட நினைக்கக் கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்று தலையாட்டினால் போதாது, தலையாட்டும்போது காதில் தொங்குவது ஆடிச் சத்தம் வருகிறதா என்று வேறு பார்ப்பார்கள்.

ஜெசிந்தா தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று வருடமாக இதையெல்லாம் பழகியிருந்தாள். பாதத்தின் வெளிவிளிம்பால் நடக்கக் கற்றுக்கொண்டாள், நடுப்பாட்டில் வயிறு இரையக் கூடாதென்று காலையில் வாழைப்பழம் மட்டும் தின்றாள், விரல் சொடுக்குகிற பழக்கத்தை விட்டாள், சிரிப்பு வந்தால் மூக்கு வழியாகக்கூட விடாமல் விழுங்கினாள். அதற்குப் பலனும் இருந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிந்த பிறகு அந்த அறையின் சும்மாவை, அதாவது யாரும் பாடாதபோது அறை வெறுமனே இருக்கிற ஒலியை, கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்வது சுநாதத்தின் வழக்கம், பாட்டில் எங்கேயாவது வெட்டி ஒட்ட நேர்ந்தால் இடையில் போட அது வேண்டும். ஆள் இல்லாத அறையின் சும்மா வேறு, ஆள் நிற்கிற அறையின் சும்மா வேறு என்பது தலைமைப் பொறியாளர் வரதன் சாரின் கொள்கை, ஆகவே பயிற்சியில் இருப்பவர்களில் ஒருவர் உள்ளே போய் மைக் முன்னால் மூச்சடக்கி நிற்க வேண்டும். மூன்று வருடமாக நின்றது ஜெசிந்தா. "உன் சும்மா சுத்தமா இருக்கும்மா" என்று வரதன் சார் ஒருநாள் சொன்னதை அவள் அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள், அம்மாவுக்கு அது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை.

பாடுகிற அறையைப் பார்க்கிற கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம், மிக்ஸருக்கு முன்னால், இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று வரதன் சாருடையது, மற்றொன்றில் உட்கார்ந்திருந்த உதவியாளன் துபாய்க்குப் போய்விட்டான். பொங்கலுக்குள் பயிற்சியில் இருக்கிற ஒருவரை அதில் உட்கார வைப்பதாக சார் சொல்லியிருந்தார், உட்காருகிறவர் பெயர் படத்தின் எழுத்துகளில் வரும், சின்னதாக, வேகமாக ஓடுகிற இடத்தில்தான், ஆனாலும் வரும். அந்த நாற்காலியை ஜெசிந்தா தினமும் துடைத்தாள். வேறு யாரும் போட்டிக்கு இல்லாததால் அதைத் தன் நாற்காலி என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பொற்கொடி வந்தது ஐப்பசி மழையில். தருமபுரிப் பக்கத்திலிருந்து, ஒரு துணிப்பையும் நனைந்த சான்றிதழ்களுமாக வந்தவள், முதல் நாளே, உள்ளே ஒரு பிள்ளையார் பாட்டு ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்த நேரத்தில், எவர்சில்வர் தட்டு நிறையத் தம்ளர்களோடு வாசற்படி தடுக்கி விழுந்தாள். தட்டு தரையில் அடித்துத் திரும்பி நின்று சுழன்றது, தம்ளர்கள் சுவர்வரை உருண்டோடி முட்டித் திரும்பின, பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஜெசிந்தா காதைப் பொத்தியபடி நின்றவள் கையை எடுத்துப் பார்த்தாள், அப்போதும் வரவில்லை. வரதன் சார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், பாட்டு முடிந்ததும் வெளியே வந்தார், ஒரு தம்ளரை எடுத்துத் தானே கீழே போட்டார், அது கணீரென்றது. பிறகு பொற்கொடியைப் போடச் சொன்னார். அவள் போட்டாள், மழை மட்டும் கேட்டது.

"வீட்ல தெரியுமா?" என்றார் சார்.

"தெரியும் சார். பொறந்ததிலருந்தே நான் தொட்டா எதுவும் சத்தம் போடாது. வாய்ப்பேச்சு மட்டும் வரும்."

"நாளைக்கு வெள்ளன வந்துடு" என்றார் சார், உள்ளே போய்விட்டார். அன்று அறையின் சும்மாவைப் பதிவு செய்ய அவர் ஜெசிந்தாவைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை, கூப்பிடாமல் இருந்தார், அவ்வளவுதான், மைக் முன்னால் பொற்கொடி நின்றாள்.

சுநாதத்தில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை, சௌகரியம் என்றுதான் சொன்னார்கள். கோடையிலும் பாட்டு எடுக்கும்போது ஏசியை அணைத்துவிட்டு எல்லோரும் வேர்த்து வழிவது அத்தனை வருட வழக்கம். இப்போது பொற்கொடி ஏசியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள், அது குளிரை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரைத் தொட்டுக்கொண்டு நின்றாள், அது வாய் பொத்தப்பட்டவர் கத்துகிற மாதிரி உடம்பை மட்டும் உலுக்கியது. பாட்டுக்கு வேண்டாத மைக் தாங்கிகளை நகர்த்தினாள், கேபிள்களைச் சுருட்டினாள், கதவுகளைச் சாத்தினாள், எல்லாம் பாட்டு நடக்கிறபோதே. ஜெசிந்தா மூன்று வருடம் மூச்சைப் பிடித்துக் கற்றதை இவள் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்தாள்.

பிறகு தெரு கேள்விப்பட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார், மத்தியானம் தூங்குகிறவர்கள் சேர்ந்து வந்து வரதன் சாரிடம் பொற்கொடியைக் கொஞ்ச நேரம் கேட்டார்கள். அவள் வண்டியோடு முனை வரை கை வைத்தபடி நடந்தாள், யாருக்கும் இரும்புக்காரர் வந்தது தெரியாமல் அவருக்கு வியாபாரம் படுத்துவிட, அடுத்த வாரம் அவர் அவளைக் கண்டாலே வண்டியைத் திருப்பிக்கொண்டார். மாடியில் குடியிருந்த கண்ணகி தன் கைக்குழந்தை ஓயாமல் அழுகிறதென்று பொற்கொடியைத் தூக்கச் சொன்னாள், அவள் தூக்கினாள், குழந்தை முகம் சிவந்து வாய் கோணி முழுமூச்சாய் அழுதது, ஒன்றுமே கேட்கவில்லை, கண்ணகி பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டாள். "அழுவுறது கேக்கணும்டி, கேக்காட்டி இன்னும் பயமா இருக்கு" என்றாள். ஆனால் தன் புருஷனோடு சண்டை வந்தபோது அவளே ஆளனுப்பினாள், பொற்கொடி இருவர் தோளிலும் கை வைத்து நடுவில் நின்றாள், அவர்கள் கை நீட்டி நீட்டி வாயசைத்துக் களைத்து, கடைசியில் என்ன சமையல் என்று சைகையில் கேட்டுக்கொண்டார்கள். அம்மன் கோயில் ஒலிபெருக்கியைப் பரீட்சை நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமென்று பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்க, கோயில் கமிட்டி கோபித்துக்கொள்ள, பிறகு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி அம்மனுக்குச் சாயங்காலம், பிள்ளைகளுக்குக் காலை என்று முடிவாயிற்று. தெரு தன் நாளைப் பொற்கொடியைச் சுற்றி அடுக்கிக்கொண்டது, அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் மட்டும் எல்லோரும் மிளகாய் இடிப்பது, ஆணி அடிப்பது, வண்டியை உறும விடுவது எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள்.

முனையில் டீக்கடை வைத்திருந்த ஏகாம்பரத்திடம் ஜெசிந்தா ஒருநாள் டீ வாங்கப் போனாள்.

"இன்னாமா, அந்த பொற்கொடிப் பொண்ணு வர்ல?"

"அவ உள்ள இருக்கா. ஏன், நான் வாங்கக் கூடாதா?"

"தாராளமா வாங்கு. நீயும் அங்கதான் வேல பாக்குறியா? நான் பார்த்ததே இல்லியே."

மூன்று வருடமாக அந்தக் கடையில் அவள் டீ குடித்திருக்கிறாள். இருப்பது தெரியாமல் இருக்கப் பழகியவளுக்கு இது வெற்றிதான், ஆனால் ஜெசிந்தா அங்கேயே நின்று அழுதுவிடுவாள் போலிருந்தது. இன்னொருத்தி இருப்பதே தெரியாமல் இருந்து ஊருக்கெல்லாம் தெரிந்தவளாகிவிட்டாள், நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம் என்று தோன்றியது. அன்று தான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பியதும் ஒரு கரண்டியை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள், கட்டிலை இழுத்தாள், உலகத்தில் உள்ள சத்தமெல்லாம் தன் கையில்தான் காத்திருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பொற்கொடிக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள், பெரிய காய்ச்சல் வேண்டாம், பொங்கல் வரைக்கும் போதும். மறுநாளே காலையில் மாதா கோயிலுக்குப் போய் அந்த வேண்டுதலைப் பாவமன்னிப்பில் சொன்னாள், வெளியே வந்ததும் மறுபடி வேண்டிக்கொண்டாள்.

"ஏட்டி, சத்தம் வராம இருக்க நீ என்ன எண்ணெய் தேய்க்க?" என்று ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் பொற்கொடியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

பொற்கொடி சிரித்தாள். "தேங்கா எண்ணெய்தாங்க்கா. எங்கூர்ல என்னை மாடு மேய்க்கவே விடமாட்டாங்க. நான் கயித்தப் புடிச்சா மணி கேக்காது, மாடு தொலைஞ்சிரும். இங்க வந்துதான் எல்லாரும் மதிக்கிறாங்க." அப்படிச் சொல்லி ஜெசிந்தாவின் தட்டில் தன் முட்டையில் பாதியை வைத்தாள், வைத்தது எந்தச் சத்தமும் போடவில்லை. இவளை வெறுப்பதற்கு இவள் இன்னும் கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா என்று ஜெசிந்தாவுக்கு இருந்தது.

மார்கழி பிறந்த பிறகு ஒரு காலையில், சார் வருவதற்கு முன், பொற்கொடி சாரின் ஹெட்ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதைத் தலையில் மாட்டிப் பார்த்தாள். சார் அணைக்காமல் போன நேற்றைய பாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கதவருகில் நின்றாள்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான், ஆனாலும் கேக்குறேன். சார் இத மாட்டிக்கிட்டு கண்ண மூடித் தலைய ஆட்டுறாரே, இதுல அப்படி என்னதான் கேக்கும்?"

ஜெசிந்தாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இவள் தலையில் மாட்டியதும் ஹெட்ஃபோன் ஊமையாகிவிடுகிறது. இவள் அதில் ஒன்றையும் கேட்டதில்லை, கேட்க முடியாதென்பதும் இவளுக்குத் தெரியாது. பாடகர்களை நேரில் கேட்டிருக்கிறாள், இது வேறு ஏதோ சங்கதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மிக்ஸரில் இவள் விரல் பட்டால் என்ன ஆகும் என்பதும் விளங்கியது. சொல்லியிருக்கலாம். சொன்னால் இவள் அன்றைக்கே சாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள், அப்படிப்பட்டவள்தான். ஆனால் அந்த நொடியில் ஜெசிந்தாவுக்கு டீக்கடை ஏகாம்பரத்தின் முகம் நினைவுக்கு வந்தது, யார் நீ என்று பார்த்த முகம்.

"ஒண்ணும் கேக்காது" என்றாள். "அமைதிதான் கேக்கும். அது சுத்தமா இருக்கான்னு பாக்கத்தான் மாட்டுது. திரையில கோடு நேரா போச்சுன்னா பாட்டு நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்."

பொற்கொடியின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் சரியாத்தான் கேக்குறேன்" என்றாள்.

அந்த வாரமே வரதன் சார் நாற்காலியைப் பொற்கொடிக்குக் கொடுத்தார், அவள் தொட்டால் மிக்ஸரும் ஊமையாகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சவுந்தரவல்லி அம்மாவின் பாட்டுதான் முதல் வேலை. அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தில் ஒருத்தியாகக் கோரஸ் பாடியவர், ஒரு படத்திலாவது தனியாகப் பாட வேண்டுமென்று இருந்து இருந்து, இப்போதுதான் ஒரு புது இயக்குநர் ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லியிருந்தார், வாத்தியமே இல்லாமல், சுருதிப்பெட்டி மட்டும் வைத்து. அம்மாளுக்கு மைக் முன்னால் தனியாக நின்று பழக்கமில்லை. வரதன் சார் தானே கண்ணாடிக்கு அந்தப்புறம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கர்கள்மேல் சாருக்கு நம்பிக்கை கிடையாது, பாட்டு எடுக்கும்போது அவற்றை அணைத்துவிடுவது அவர் வழக்கம், ஹெட்ஃபோன்தான் எல்லாம். அதை மாட்டிக்கொண்டு பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா ஏசியை அணைத்துவிட்டு, வேர்த்துக்கொண்டு, கதவோரம் நின்றாள், பயிற்சிக்கு வந்தவர்கள் நிற்கிற இடத்தில்.

அம்மாள் வாய் திறந்தார். திரையில் கோடு அலையலையாய் எழுந்து ஓடியது. பொற்கொடி திடுக்கிட்டாள், கோணலாய்ப் போகிறதே என்று, சார் செய்வதைப் பார்த்திருந்தபடி மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டையில் விரல் வைத்தாள், கோடு படுத்துவிட்டது. நேராக, சுத்தமாக. விரலை எடுக்காமல் அப்படியே திரும்பி, புருவத்தை உயர்த்தி, சரிதானே அக்கா என்று கண்ணால் கேட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் சவுந்தரவல்லி அம்மாள் கண்ணை மூடி, ஒரு கையை நெஞ்சில் வைத்து, யாரையோ மடியில் போட்டு ஆட்டுகிற மாதிரி அசைந்துகொண்டு பாடினார். ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட இரண்டு எட்டு கூட ஆகாது. முதல் அடி போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஜெசிந்தா நினைத்தாள். முதல் அடி போயிற்று. பல்லவி முடியட்டும் என்று நினைத்தாள். பொற்கொடி இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வேண்டுமல்லவா, முதல் நாள் வேலை. அவள் உட்கார்ந்திருந்தது தன் நாற்காலியில் என்பது ஜெசிந்தாவின் கண்ணில் பட்டது, அதன் கைப்பிடியைத் தான் துடைத்த பளபளப்பும் பட்டது. அவள் தலையாட்டினாள்.

பாட்டு முடிந்ததும் வரதன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. அம்மாள் எல்லோர் கையையும் பிடித்துக் கும்பிட்டுவிட்டுச் செருப்பை மறந்து வெறுங்காலோடு ஆட்டோ ஏறினார். சார் ஹெட்ஃபோனை மாட்டினார். கழற்றினார், ஊதினார், மறுபடி மாட்டினார். ஸ்பீக்கரைப் போட்டார். முதல் சொல்லில் பாதி வந்தது, அதன் பிறகு அறையின் சும்மாகூட இல்லை.

"என்னம்மா இது?" என்றார்.

"ஏன் சார், சுத்தமா இருக்குதில்ல?" என்றாள் பொற்கொடி. "ஹெட்ஃபோன்ல ஒண்ணும் கேக்காம, கோடு நேரா போனா நல்ல பாட்டுன்னு அக்கா சொன்னாங்களே. பாடும்போதும் கேட்டுக்கிட்டேன், சரின்னாங்க."

சார் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா முகத்தில் எதையும் காட்டவில்லை, அது ஒன்றைத்தான் அவளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சார் சத்தம் போடுகிற ஆளில்லை. ஒரு பழைய பாட்டைத் தேடி ஓட விட்டார், வயலின்கள் வரிசைகட்டி எழுகிற பாட்டு. ஹெட்ஃபோனைப் பொற்கொடிக்கு மாட்டினார். "என்ன கேக்குது?"

"ஒண்ணும் இல்ல சார்."

அதைக் கழற்றி ஜெசிந்தாவுக்கு மாட்டினார். வயலின்கள் அவள் மண்டைக்குள் புகுந்தன, ஒவ்வொரு வில்லும் தனித்தனியாகத் தெரிந்தது, வாசிப்பவர்களில் ஒருவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது, முகத்தை எவ்வளவு இறுக்கியும் அவளால் முடியவில்லை, உதடு துடித்துவிட்டது. பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹெட்ஃபோன் கழன்றதும் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கெல்லாம் இதுல பாட்டு கேக்குமா?"

"கேக்கும்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்டி."

"எல்லாருக்கும்?"

பொற்கொடி கோபப்படவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. அவள் ஜெசிந்தாவின் காதுகளைப் பார்த்தாள், முதலில் ஒன்றை, பிறகு மற்றதை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நகையைப் பார்ப்பதுபோல. அந்தப் பார்வை ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஐப்பசியிலிருந்து அவள் அதைத்தான் காலையில் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

சவுந்தரவல்லி அம்மாள் மறுபடி பாட வரவில்லை. "பாடியாச்சுல்ல, அது போதும்" என்று சொல்லியனுப்பிவிட்டார். இயக்குநர் வேறு பெண்ணை வைத்துப் பாட வைத்தார், அது சுமாராக இருந்தது. ஆனால் கேட்காமல் போன பாட்டின் பெருமை தெருவில் நாளுக்கு நாள் வளர்ந்தது, வரதன் சாரைப் பார்க்கிறவர்களெல்லாம் எப்படி இருந்தது சார் என்று கேட்டார்கள், அவர் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார், அதைப் பார்த்தே சிலர் கண் கலங்கினார்கள், கண்ணகி அந்தப் பாட்டைப் பாடித்தான் குழந்தையைத் தூங்க வைப்பதாகச் சொல்லிக்கொண்டாள். நாற்காலி ஜெசிந்தாவுக்கு வந்தது. மன்னிப்பினால் வரவில்லை, காது கேட்கிற வேறு ஆள் இல்லாததால் வந்தது. பொங்கலுக்குப் பிறகு படம் வெளியானபோது தூத்துக்குடியில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, ஓடுகிற எழுத்துகளில் மகள் பெயரைப் பிடித்துவிட்டு, கொட்டகையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

பொற்கொடி போய்விடுவாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள், வேண்டிக்கொள்ளவும் செய்தாள். அவள் போகவில்லை. ஏசியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறாள், கேபிள் சுருட்டுகிறாள், தெருவுக்கு வேண்டியதைச் செய்கிறாள், தன் முட்டையில் பாதியை இப்போதும் வைக்கிறாள். ஒருநாள் மட்டும் டீ கொடுக்க வந்தவள், ஜெசிந்தா ஹெட்ஃபோனோடு கண் மூடி இருந்தபோது, அதன் விளிம்பில் ஒற்றை விரலை வைத்தாள். உலகம் அணைந்துபோயிற்று. ஜெசிந்தா பதறித் திரும்பியபோது பொற்கொடி விரலை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, எப்படி இருக்கும்னு பார்த்தேன்" என்றாள், அவள் சிரித்தாளா இல்லையா என்று இன்றுவரை ஜெசிந்தாவால் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து பாட்டு நடக்கும்போது ஜெசிந்தா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். மற்றவர்கள் வந்தால் தரை சொல்லும், கதவு சொல்லும், துணி சொல்லும்; பொற்கொடி வந்தால் எதுவும் சொல்லாது. பெரும்பாலும் பின்னால் யாரும் இருப்பதில்லை. சில சமயம் இருக்கிறாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நாற்காலி கிறீச்சிடுகிறது, எண்ணெய் போட்டும் நிற்பதில்லை, கண்ணாடிக்கு அந்தப்புறம் பாடுகிறவர் நிறுத்திவிடுகிறார், வரதன் சார் பெருமூச்சு விட்டு முதலிலிருந்து போகலாம் என்கிறார்.